ஒரே சஹனில் ஆறு பேர்

ஸில்மியாவுக்குத் தன்னைப் பற்றிக் குறைத்து நினைத்துப் பழக்கமில்லை. மாத்தளையில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று யாராவது நினைவூட்டினால், "அவங்க கார் ஓட்டப் பழக்குறாங்க. நான் பயத்தப் போக்குறேன்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாள். அது பொய்யுமில்லை. அவளிடம் பழகியவர்களில் அழாதவர்கள் குறைவு. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்காதவர்கள் அதைவிடக் குறைவு.

அந்தக் குறைந்தவர்களில் ஒருத்தி அனுஷியா. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மலேசியாவில் படித்துவிட்டு வந்து, மாத்தளை டவுனில் ஆங்கிலம் கற்பிக்கிற பெண். வாய் நிறையப் பேச்சு, கை நிறைய நடுக்கம். ட்ரயல் என்று எல்லோரும் சொல்கிற ஓட்டப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு தரம் தவறியிருந்தாள். ஒருநாள் இரத்தோட்டை வீதி ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது வண்டி பின்னால் உருண்டது. ஸில்மியா தன் காலடியிலிருந்த பிரேக்கை மிதித்தாள். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை.

"போன ஞாயித்துக்கெழம இருபது பேர் முன்னுக்கு நின்னு ரெண்டு ஊருக்கு சட்டம் போட்டேன், மிஸ்" என்றாள் அனுஷியா, அழாக்குறையாக. "இந்தக் கிளச் மட்டும் எனக்கு அடங்க மாட்டேங்குது."

"எந்த ரெண்டு ஊருக்கு?"

"இல்லாத ஊருங்க மிஸ்."

அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. லார்ப் என்று அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கப் பெயர். அனுஷியா அதை "வாழ்ந்து ஆடுற ஆட்டம்" என்பாள். மலேசியாவில் கற்றுக்கொண்டு வந்து, மாதத்துக்கு ஒரு ஞாயிறு பலாபத்வலயில் மூடிக் கிடக்கும் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் நடத்திக்கொண்டிருந்தாள். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, யாரும் வசனம் எழுதித் தருவதும் கிடையாது. ஒரு வேஷம் தருவார்கள். ஆட்டம் முடியும்வரை அந்த ஆளாகவே நடக்க வேண்டும், பேச வேண்டும், சண்டை பிடிக்க வேண்டும்.

"வசனம் இல்லாட்டி என்னத்தப் பேசுற?" என்று ஸில்மியா கேட்டாள்.

"நீங்க அந்த ஆளா இருந்தா என்ன பேசுவீங்களோ, அதத்தான்."

அந்தப் பதில் ஸில்மியாவின் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தால், கார் பழக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் இருப்பது இடதுபக்க ஆசனத்தில். வண்டி ஓடுவது யாருக்கோ. அவள் காலுக்கு வாய்த்தது பிரேக் மட்டும். ஒரு நாளாவது வேறொருத்தியாக, யாருக்கும் பிரேக் பிடிக்காமல், போகிற இடம் தெரியாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசை வந்தால் அதை ஆறப்போட்டுப் பழக்கமும் அவளுக்கு இல்லை.

"நானும் வாறேன்" என்றாள்.

"எங்களுக்கும் ட்ரயல் இருக்கு மிஸ்" என்று அனுஷியா இழுத்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஆட்டம் ஒரு பரீட்சை. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் மட்டுமே அந்த ஆளுக்குச் சொந்தமாகப் பெயருள்ள ஒரு வேஷம் கிடைக்கும், மாதாமாதம் வரலாம். இல்லாவிட்டால் சலாம்தான். முன்பொரு தரம் புதிதாக வந்த ஒருவன் போர்க்களத்தின் நடுவே செல்பி எடுத்தானாம். அதன்பிறகு வந்த சட்டம்.

வீட்டில் சொன்னபோது புருஷன் றினோஸ் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டி மூக்கால் வந்தது. டயர் கடை வைத்திருக்கும் மனிதர், நல்லவர்தான், ஆனால் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது.

"இந்த வயசில சோறு கறி வெளயாட்டா?"

அதோடு விட்டாரா? தன் அண்ணனின் மனைவி மபாஸாவிடமும் சொல்லிவைத்தார். மபாஸா அதைக் கேட்பதற்கென்றே அலுவிகாரையிலிருந்து பஸ் ஏறி வந்து, கதிரையில் சாய்ந்திருந்து, "மச்சி, ராஜாவா ராணியா?" என்று கேட்டாள். ஸில்மியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எல்லாரும் பாத்துக்கோங்க. மொத ஆட்டத்திலேயே என்னய நெரந்தரமா எடுக்காட்டி நான் ஸில்மியா இல்ல."

சொல்லிவிட்டாள். சொன்னது வீட்டோடு நிற்கவில்லை. கார் பழக வந்த பெண்களிடமும், மருந்துக்கடைக்காரியிடமும், பாண் வாங்கப் போன இடத்திலும் சொன்னாள். இனித் தோற்றுத் திரும்பினால் மாத்தளையில் தலைகாட்ட முடியாது என்ற நிலைமையைத் தன் வாயாலேயே உண்டாக்கிக்கொண்டாள்.

அடுத்த பாடத்தின்போது அனுஷியா வேஷத்தைச் சொன்னாள். கீழூர்ச் சமையல்காரி.

ஸில்மியா வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். "வீட்லயும் அடுப்பு, அங்கயும் அடுப்பா?"

"முழுசாக் கேளுங்க மிஸ்."

முழுசும் கேட்டபின் ஸில்மியா வாயை மூடிக்கொண்டாள். மேலூர்க்காரர் வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். கீழூர் காய்கிறது. அந்தச் சண்டையில் சமையல்காரியின் தம்பி செத்துப்போனான். இப்போது இரண்டு ஊர்த் தலைவிகளும் சமாதானம் பேச ஒன்றாகச் சாப்பிட உட்காரப் போகிறார்கள். சாப்பாட்டைச் சமைக்கிறவள் அவள்தான். தம்பிக்காக மேலூர்த் தலைவிக்கு நஞ்சு வைக்கப் போகிறவளும் அவள்தான். அவளுடைய தலைவிக்குக்கூட அது தெரியாது.

"நஞ்சுக்கு இது" என்று அனுஷியா கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு மட்டையை எடுத்து, ஒரு சிவப்புப் பொட்டைக் கிழித்துத் தந்தாள். "தட்டுக்கு அடியில ஒட்டணும். அந்தத் தட்டுல கை வெச்சு மொதல் வாய் திங்கிற ஆள் செத்தாச்சு. செத்தவங்க ஆட்டம் முடியிற வரைக்கும் வாய் தெறக்கக் கூடாது. சாப்பாடு மட்டும் நெசமான சாப்பாடு மிஸ், அத நீங்கதான் ஆக்கிட்டு வரணும்."

ஸில்மியா அந்தப் பொட்டைக் காரின் டாஷ்போர்டில் ஒட்டி வைத்தாள். மறுநாள் பழக வந்தவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, பயம்.

ஆட்டம் நடக்கிற ஞாயிறு விடிந்ததும் மஞ்சள் சோறு, கோழிக் கறி, கத்தரிக்காய் மோஜு, அன்னாசிச் சம்பல் என்று ஒரு கல்யாணத்துக்குப் போல ஆக்கி, பெரிய சஹன் தாம்பாளத்தையும் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போனாள். அவசரத்தில் இனிப்புக்குச் செய்த வட்டலப்பத்தை பிரிட்ஜிலேயே மறந்துவிட்டாள். பாதி வழியில் நினைவு வந்து, றினோஸுக்கு போன் போட்டுப் பகல் சாப்பாட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

தோட்டம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காடாகிப்போன ஏலம், நடுவே கல் கட்டிய ஒரு வறண்ட வாய்க்கால். வாய்க்காலுக்கு மேலே மேலூர், கீழே கீழூர். அவ்வளவுதான் ஊர்கள். சேலையைக் கச்சை கட்டியவர்களும் சாக்குத் துணியில் சட்டை தைத்துப் போட்டவர்களுமாகப் பத்திருபது பேர் நின்றார்கள். வாள்களெல்லாம் தண்ணீர்க் குழாயில் படுக்கை ஸ்பொன்ஜ் சுற்றி வெள்ளிப் பூச்சு அடித்தவை. அனுஷியா ஸில்மியாவின் கையில் ஒரு செம்மஞ்சள் ரிபன் கட்டிவிட்டாள். புதியவர் என்பதற்கு அடையாளம்.

ஊருக்கெல்லாம் எல் போர்டு மாட்டிவிடுகிறவளுக்கு இன்று எல் போர்டு. ஸில்மியா அதைக் காட்டிக்கொள்ளாமல் நிமிர்ந்து நின்றாள்.

மேலூர்த் தலைவி வந்து மேலும் கீழும் பார்த்தாள். துஷாந்தினி என்று பெயர். கிழமை நாட்களில் வங்கி அதிகாரி. அந்த ரிபன் சட்டத்தைக் கொண்டுவந்தவளே இவள்தான்.

"புதுசா வர்றவங்க ஒண்ணு சிரிப்பாங்க, இல்லாட்டி பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றாள். "நீங்க எந்த ரகங்க?"

"நான் மத்தவங்களுக்குப் பழக்குற ரகம்."

"அப்ப ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு துஷாந்தினி வாளைச் சுழற்றிப் பார்க்கப் போய்விட்டாள். பின்னேரம் போர் மூளும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவள் வீட்டு முற்றத்தில் வாள் பழகிக்கொண்டிருந்தாளாம்.

அனுஷியா ஒரு தகரத்தைத் தட்டினாள். ஆட்டம் தொடங்கியது. தொடங்கிய கையோடு ஸில்மியா சொதப்பத் தொடங்கினாள். கீழூர்த் தலைவி ஜெஸ்லா, பல்கலைக்கழகத்தில் படிக்கிற சின்னப் பெண். அவளைத் "தலைவி" என்று கூப்பிட நாக்கு வரவில்லை. "மகள்" என்றே வந்தது. காவல்காரன் வேஷத்தில் நின்ற கிஷாந்த் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தபோது, "கண்ணாடியப் பாத்துப் பின்னுக்கு எடுங்க" என்று கத்திவிட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற துஷாந்தினி மெல்லத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஒரு கை போயிற்று என்று ஸில்மியா கணக்கு வைத்துக்கொண்டாள். அந்தக் கை போனால் அதைப் பார்த்து இன்னும் எத்தனை கை போகுமோ. மபாஸாவின் முகம் கண்முன்னால் வந்து நின்றது.

வெட்கமாக இருந்தது. ஊரையே ஓட்டப் பழக்கியவளுக்குத் தன் வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியவில்லை.

அடுப்படி என்று வைத்திருந்த மூன்று கல்லுக்கு முன்னால் போய்க் குந்தினாள். கொஞ்ச நேரத்தில் ஜெஸ்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கெட்டிக்காரி, புதியவர் திண்டாடுகிறார் என்று கண்டுகொண்டு, ஆட்டத்தைவிட்டு வெளியே வராமலே கை கொடுத்தாள்.

"உங்கட தம்பி எப்பிடிப்பட்ட ஆள்? நான் அவரப் பாக்கவே இல்லையே" என்றாள்.

ஸில்மியாவுக்குத் தம்பியே கிடையாது. ஆனாலும் வாய் திறந்தது. "தண்ணியக் கண்டா வெளயாடாம வர மாட்டான். வாய்க்கால்ல மீன் புடிக்கப் போவான், ஒண்ணும் அம்புடாது. வெறுங்கையோட வந்து, சட்டியத் தெறந்து பாத்து, என்னத்த ஆக்கின என்டு கேப்பான். நான் ஏசுவேன். ஏசினாலும் போட்டுக் குடுப்பேன்."

அப்படியொருவன் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை. ஆனாலும் கண் நிறைந்தது நிஜம். ஜெஸ்லா அவள் தோளில் கையை வைத்தாள். அதன்பிறகு அவளைத் தலைவி என்று கூப்பிட ஸில்மியாவுக்குக் கஷ்டமே இருக்கவில்லை. விறகை ஒதுக்கினாள், வாசலைக் கூட்டினாள், மேலூர்க்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது.

பகல் சாப்பாட்டு நேரம் வந்தது. வாய்க்கால் ஓரத்தில் சாதிக்காய் மரநிழலில் பாயை விரித்தார்கள். அனுஷியா ஒரு கட்டுக் காகிதத் தட்டு கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருந்தாள். ஸில்மியா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சமாதானச் சாப்பாட்டுக்குக் காகிதத் தட்டா? தலைவிகள் வருகிறார்கள். சஹன் அல்லவா வைக்க வேண்டும்?

மாத்தளை முஸ்லிம் வீடுகளில் விருந்து உண்டவர்களுக்கு அது தெரியும். பெரிய வட்டத் தாம்பாளம், நடுவே குவித்த சோறு, மேலே கோழி, சுற்றிவரக் கறிகள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒன்றிலேயே கை வைத்துச் சாப்பிடுவார்கள். ஆறு பேரும் சேரும்வரை மூடியைத் திறப்பதில்லை. விருந்து கொடுக்கிறவர்கள் விருந்தாளிக்கு முன்னால் கை வைப்பதுமில்லை.

மறைவாக நின்று, பொட்டைப் பிரித்து, சஹனின் அடியில் நன்றாக அழுத்தி ஒட்டினாள். சோற்றைக் குவித்தாள். தம்பிக்காக, என்று சொல்லிக்கொண்டாள்.

மேலூர்ப் பெண்கள் மூவர், கீழூர்ப் பெண்கள் மூவர், சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் வாளை ஊன்றிக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். ஸில்மியா ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் வார்த்தாள். துஷாந்தினியின் கையில் வார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் வார்த்தாள். கடைசியாக ஜெஸ்லா கை நீட்டினாள். அவள் விரல்களில் தண்ணீர் விழுந்தபோதுதான் ஸில்மியாவுக்கு உறைத்தது.

பொட்டு சஹனுக்கு அடியில் இருக்கிறது. சஹன் ஒன்று. கை ஆறு.

அனுஷியா தட்டு என்றபோது ஒருவருக்கு ஒரு தட்டை நினைத்துச் சொன்னாள். ஸில்மியாவுக்கோ விருந்தில் ஒருவரைத் தனித்தட்டில் உட்காரவைக்கிற எண்ணமே மனதில் வந்ததில்லை. மேலூர்த் தலைவிக்கு மட்டும் வைத்த நஞ்சு, இப்போது இரண்டு ஊருக்கும் வைத்த நஞ்சாகிவிட்டது. தம்பியைப் பற்றிக் கேட்டவளுக்கும் சேர்த்து.

அவளுடைய கால் பாயை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இருக்கவில்லை.

"நிறுத்து" என்று ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னால் ஆட்டம் நிற்கும், யாரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள் என்று அனுஷியா காலையிலேயே சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு, சஹனைக் கவிழ்த்து, பொட்டைப் பிய்த்து, மன்னிப்புக் கேட்டு, எல்லோரும் சிரிக்கச் சிரிக்க மறுபடி தொடங்கலாம். ரிபன் கட்டியவள் செய்கிற வேலைதான் அது. உண்மையைச் சமையல்காரியாகவே வாய்விட்டுச் சொல்லலாம் என்றால், நாள் முழுக்க ஓயாத அந்த வாய்க்கு அப்போது ஒரு சொல்லும் வரவில்லை. ஆறு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சோற்றுக்குக் கை நீட்டினார்கள்.

ஸில்மியா இரண்டு பேருக்கு நடுவே முழந்தாளிட்டு, எல்லோருக்கும் முன்னால் சஹனில் கையை வைத்தாள்.

ஆறு கைகளும் நின்றுவிட்டன. பாயிலிருந்தவர்களில் சஹனில் உண்டு பழகியவர்கள் இரண்டே பேர். ஆனால் விருந்தாளிக்கு முன்னால் ஆக்கியவள் கை வைப்பது எந்த ஊரிலும் முறையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஸில்மியா மெல்ல பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். உப்புக் கொஞ்சம் குறைவு. பிறகு ஜெஸ்லாவைப் பார்த்தபடியே பக்கவாட்டில் சரிந்து, பாயில் படுத்து, கண்ணை மூடினாள்.

முடிந்தது. இனி ஆட்டம் முடியும்வரை வாய் திறக்க முடியாது. போர் வரும், வாள் சுழலும், மற்றவர்களெல்லாம் திறமையைக் காட்டுவார்கள். அவள் பிணமாகக் கிடப்பாள். பின்னேரம் வட்டத்தில் யார் கை தூக்குவார்கள்? மருந்துக்கடைக்காரிக்கு என்ன சொல்வது? நினைக்க நினைக்கத் துக்கமாக இருந்தது. ஆனால் கையை வைத்ததற்காகத் துக்கப்படவில்லை. அதுவும் அவளுக்கே புதிதாக இருந்தது.

வீதியில் பாண் விற்கிற சூன்பாண் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு அடியைப் பார்க்கச் சஹனைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"இது எனக்கு வெச்சது" என்றது துஷாந்தினியின் குரல்.

"ஓம், தம்பிக்காக" என்றாள் ஜெஸ்லா. குரல் உடைந்திருந்தது.

"எனக்கு வெச்சத இவ ஏன் தின்னா?"

"நானும் கை நீட்டினேனே."

ஸில்மியாவுக்குக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. திறக்கவில்லை. பக்கத்தில் பாயில் ஏதோ கனமாக வைக்கப்பட்டது. வாள்.

"இதுக்கு மேல எனக்குத் தூக்க ஏலாது" என்றாள் துஷாந்தினி. "வாய்க்காலத் தொறந்து விடுங்க. இவள எங்க ஊர் வழியாத்தான் கொண்டு போகணும். எங்க ஆளுங்களும் பாக்கட்டும்."

அப்படியொரு முடிவை அனுஷியா யோசித்தே வைத்திருக்கவில்லை. இரண்டு ஊர்ப் பெண்களும் பாயின் ஓரங்களைப் பிடித்துத் தூக்கினார்கள். ஸில்மியா மெலிந்தவளல்ல, ஒரு மூலையில் யாரோ முனகினார்கள், ஆனால் விடவில்லை. வாய்க்காலின் அடைப்புக் கற்களைக் கிஷாந்த் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. யாருடைய சமயச் சடங்கையும் ஆட்டத்தில் எடுப்பதில்லை என்பது அவர்கள் முறை. ஆகவே வழியில் நின்றவர்கள் சாதிக்காய் இலையைப் பறித்துப் பறித்து அவள்மேல் வைத்தார்கள். காவலுக்கு நின்ற ஆண்கள் வாளைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நடந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் றினோஸ் வட்டலப்பச் சட்டியோடு கேற்றுக்குள் நுழைந்தார். மனைவியைப் பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பின்னால் வருகிற பெண்பிள்ளைகள் கண்ணைத் துடைக்கிறார்கள்.

"யா அல்லாஹ், என்ன நடந்த? மௌத்தா?"

அனுஷியா ஓடிவந்து அவரைத் தடுத்தாள். "பயப்படாதீங்க. மிஸ் ஆட்டத்துல செத்துட்டாங்க. தயவுசெஞ்சு பேசாதீங்க."

ஸில்மியாவின் காதில் இதெல்லாம் விழுந்தது. இனி இவர் சிரிப்பார், ஊர் கூடி அழுகிற இடத்தில் சிரித்து எல்லாவற்றையும் கெடுக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சிரிப்பு வரவில்லை. பழகிய செருப்புச் சத்தம் மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து பின்னால் வந்தது.

மரத்தடியில் இறக்கி வைத்ததும் அனுஷியா தகரத்தைத் தட்டினாள். போர் இல்லை; ஆட அதற்குமேல் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பொட்டைப் பிய்த்துவிட்டுச் சிலர் அதே சஹனைச் சுற்றியும், மற்றவர்கள் காகிதத் தட்டிலுமாகச் சாப்பிட்டார்கள். ஸில்மியாவும் ஜெஸ்லாவும் ளுஹர் என்கிற பகல் தொழுகையை முடித்துவிட்டு வந்தார்கள். பிறகு வட்டம் கூடியது. றினோஸ் தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்.

துஷாந்தினி முதலில் பேசினாள். "நான் இன்னைக்குச் சண்டை பிடிக்க வந்தேன். அதக் கெடுத்துட்டாங்க. நஞ்ச ஒட்டும்போதே திட்டம் போட்டிருக்காங்க. ரெண்டு ஊரையும் ஒரே சாப்பாட்டுல உக்கார வெச்சு, தான் மட்டும் செத்து, எல்லாரையும் மாட்ட வெச்சாங்க பாருங்க. இங்க பழைய ஆக்கள் யாரும் இப்பிடியொண்ண யோசிச்சதில்ல."

எல்லோரும் ஸில்மியாவைப் பார்த்தார்கள். சும்மா தலையை ஆட்டினால் போதும். கேட்டு வாங்காமலே பாராட்டு மடியில் விழுந்திருக்கிறது. ஊரெல்லாம் சொல்லிவைத்த வாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் செய்யாததற்குப் பேர் வாங்குகிற அளவுக்கு அவள் சின்ன ஆளில்லை.

"திட்டம் ஒண்ணும் இல்ல" என்றாள். "பிழ. எங்கட பக்கம் விருந்து என்டா சஹன்தான். தட்டு என்டதும் எனக்கு அதுதான் மண்டக்குள்ள வந்திச்சு. எல்லாரும் கை நீட்டின பொறகுதான் நான் செஞ்சது வெளங்கின. அது வரைக்கும் பிழ." கொஞ்சம் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுக்குப் பொறகு செஞ்சது பிழ இல்ல. அது நான் செஞ்சது."

காலையில் போயிற்று என்று அவள் எண்ணிய கையும் மற்றக் கைகளும் இப்போது நிச்சயமாகவே போய்விட்டன என்று நினைத்தாள். போகட்டும். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற உத்தேசம் அவளுக்கில்லை.

துஷாந்தினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வாளச் சுத்திச் சுத்திப் பழகினேன்" என்றாள் கடைசியில். "ஆனா திட்டம் போடாத எடத்துல என்ன செய்யிறதுன்னு எனக்கு இன்னும் வர்றதில்ல." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

அவள் தூக்கிய பிறகு எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஜெஸ்லா எழுந்து வந்து, ஸில்மியாவின் கையிலிருந்த ரிபனை அவிழ்த்தாள். ஸில்மியாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். தன்னிடம் பழகியவர்களை அழவைத்ததற்கெல்லாம் சேர்த்து அழுகிறாளோ என்று அனுஷியா பிறகு கேலி பண்ணினாள்.

வீட்டுக்குப் போனபோது மபாஸா கதிரையில் காத்திருந்தாள். முடிவு தெரியாமல் போகமாட்டேன் என்று வந்திருந்தாள்.

"என்ன மச்சி, கெலிச்சீங்களா?"

ஸில்மியா வாயைத் திறக்குமுன் றினோஸ் சட்டியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். டயர் கடையில் பெரிய லொறியொன்று வந்து நின்றால் அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும், அது வந்திருந்தது.

"கெலிக்கல்ல, மௌத்தாப் போனா" என்றார். "ரெண்டு ஊரும் சேந்து தூக்கின. நானும் பின்னால நடந்த."